கசப்பு குறைவாக, சாக்லேட் மணம் நிறைவாக: எந்த எஸ்பிரெஸ்ஸோ கலவை யாருக்குப் பொருந்தும்?

"பாக்கெட்டில் சாக்லேட் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், வாயில் நின்றது கசப்பு மட்டும்தான். அடுத்து எதை வாங்குவது?" வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. எஸ்பிரெஸ்ஸோவுக்கென விற்கப்படும் கலவைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் சாக்லேட்டைச் சொல்லியே விற்கப்படுகின்றன. பால் சாக்லேட்டின் இனிப்பை நினைவூட்டும் கலவையும், சர்க்கரை சேராத கோகோவின் கரிந்த காட்டத்தை நினைவூட்டும் கலவையும் ஒரே சுவைக் குறிப்போடு பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும்போது, வாங்குபவர் தடுமாறுவது இயல்பே.

சுவைக் குறிப்பை ஒதுக்கிவிட்டு, வறுவல் நிலை, அடிப்படைக் கொட்டை, அது பதப்படுத்தப்பட்ட முறை ஆகிய மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் கிடைக்கும் கலவைகளை ஆறு வகைகளாகப் பிரித்து, இந்த மூன்றின் அடிப்படையில் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

## கசப்பு எங்கிருந்து வருகிறது, சாக்லேட் மணம் எங்கிருந்து வருகிறது

காபியின் கசப்புக்குக் காஃபீன்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மொத்தக் கசப்பில் காஃபீனின் பங்கு சிறியது. காஃபீன் நீக்கப்பட்ட காபியும் கசக்கத்தான் செய்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோஃப்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பச்சைக் கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலங்கள் வறுக்கும்போது சிதைந்து லாக்டோன்களாக மாறுகின்றன; இளவறுவலிலும் மத்திம வறுவலிலும் நாம் உணரும் மென்மையான கசப்பு பெரும்பாலும் இவற்றால் வருவது. வறுவலை மேலும் இழுத்தால் அந்த லாக்டோன்களே உடைந்து ஃபினைலிண்டேன்கள் உருவாகின்றன. அடர்வறுவலில் நாக்கின் பின்புறம் போய் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகாமல் நிற்கும் முரட்டுக் கசப்பு இவற்றுடையது.

சாக்லேட் மணமும் வறுவலில்தான் பிறக்கிறது. கொட்டையில் உள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரியும் மெய்லார்டு வினையின்போது 3-மெத்தில்பியூட்டனால் போன்ற ஆல்டிஹைடுகளும் பலவகைப் பைரசீன்களும் உண்டாகின்றன. கோகோ விதையை வறுக்கும்போதும் இதே சேர்மங்கள் உண்டாவதால், சாக்லேட் எதுவும் சேர்க்காத காபியில் சாக்லேட் மணம் வீசுவதில் வியப்பில்லை. வறுவல் அளவு மீறிப் போனால் இந்த மணங்கள் பின்வாங்கி, புகையும் கரியும் முன்னே வருகின்றன. கொட்டை முதல்முறை வெடிக்கும் நிலை ஏறத்தாழ 196 முதல் 205 டிகிரி செல்சியஸிலும், இரண்டாம் வெடிப்பு ஏறத்தாழ 224 டிகிரியை ஒட்டியும் நிகழ்கின்றன. இயந்திரத்துக்கு இயந்திரம் இது சற்று மாறும். சாக்லேட் மணம் முழுமையாக இருந்து, முரட்டுக் கசப்பு இன்னும் தலைதூக்காத இடம் இந்த இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே இருக்கிறது. அடர்வறுவலில்தான் சாக்லேட் கிடைக்கும் என்று எண்ணி ஒவ்வொரு முறையும் இன்னும் கறுத்த கொட்டையைத் தேடிப் போகிறவர்கள், தேடும் பொருளிலிருந்து விலகித்தான் போகிறார்கள்.

## ஒப்பிடுவதற்கான அளவுகோல்கள்

முதல் அளவுகோல், எந்த வகைச் சாக்லேட் வேண்டும் என்பது. அமெரிக்கச் சிறப்புக் காபிச் சங்கம் 2016-இல் திருத்தி வெளியிட்ட, காபிச் சுவைகளை வட்டமாக வகைப்படுத்தும் சுவைச் சக்கரத்தில் கோகோவின் கீழ் சாக்லேட், டார்க் சாக்லேட் என்று இரண்டு தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. சக்கரத்துக்கு ஆதாரமான, சுவைச் சொற்களை விளக்கும் சொல்தொகுதி, டார்க் சாக்லேட்டை வரையறுக்கும்போதே கூடுதல் கசப்பையும் துவர்ப்பையும் அதன் பகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கசப்பு வேண்டாம் என்பவர் டார்க் சாக்லேட் என்று குறிப்பிட்ட பாக்கெட்டை எடுக்காமல், பால் சாக்லேட், கோகோ, ஹேசல்நட், கேரமல் ஆகிய குறிப்புகள் உள்ளதை எடுப்பது நல்லது.

இரண்டாவது, நீங்கள் கசப்பு என்று சொல்வது கசப்புத்தானா என்பது. அழுத்தத்தில் வடித்த சிறிய அளவுக் காபியில் புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் செறிந்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணுவது எளிது. நாக்கின் ஓரங்கள் கூசி எச்சில் ஊறினால் அது புளிப்பு. உள்கன்னம் வறண்டு இழுத்துக்கொண்டால் துவர்ப்பு. விழுங்கிய பிறகும் நாக்கின் பின்புறம் தங்கினால்தான் கசப்பு. புளிப்பைக் கசப்பென்று நினைத்து அடர்வறுவலுக்கு மாறியவர், இருந்த குறை தீராமல் இல்லாத குறையையும் சேர்த்துக்கொள்வார்.

மூன்றாவது, பாலோடு குடிக்கிறீர்களா, தனியாகவா என்பது. பால் கசப்பை மட்டுப்படுத்துகிறது. அதோடு மென்மையான சாக்லேட் மணத்தையும் மூடிவிடுகிறது. நான்காவது, உங்கள் கிரைண்டரும் இயந்திரமும் எவ்வளவு தாங்கும் என்பது. இவற்றோடு, பாக்கெட்டின் விலையில் தெரியாத செலவுகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்: ஷாட்டை, அதாவது ஒரு முறை வடிக்கும் எஸ்பிரெஸ்ஸோவை, சரிசெய்யும்வரை வீணாகும் கொட்டை, அடிக்கடி செய்யவேண்டிய சுத்தம், சீக்கிரம் கெடும் தன்மை ஆகியவை அவை.

## பிரேசில் அடிப்படையிலான மத்திம வறுவல் கலவை

யோசிக்க நேரமில்லை, ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். பாதியோ அதற்கு மேலோ பிரேசில் அராபிகாவும், மீதி கொலம்பியாவோ குவாத்தமாலாவோ கொண்ட கலவை, மத்திம வறுவலில்.

இதற்குக் காரணம் உண்டு. பிரேசிலின் சுல் தி மினாஸ், செராடோ மினேரோ, மொஜியானா ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் பெரும்பாலும் 800 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மிக உயர்ந்த மலைகளில் விளையும் கொட்டைகளின் கூர்மையான புளிப்பு இவற்றில் இல்லை. அங்கே பழத்தை முழுதாகக் காயவைக்கும் நேச்சுரல் முறையும், தோலை மட்டும் நீக்கிவிட்டுப் பிசுபிசுப்பான சதையோடு காயவைக்கும் பல்ப்டு நேச்சுரல் முறையும் பரவலாக உள்ளன. இரண்டிலும் கோப்பையில் கெட்டித்தன்மையும் இனிப்பும் கூடுகின்றன. வேர்க்கடலை, ஹேசல்நட், பால் சாக்லேட் ஆகிய சுவைகள் இயல்பாகவே முன்னே நிற்கின்றன. புளிப்பு குறைவாக இருப்பதால் அதை அடக்குவதற்காக வறுவலைக் கறுக்கவிட வேண்டிய தேவை வறுப்பவருக்கு இல்லை. கசப்பு குறைவதற்கான முதல் காரணம் இதுவே. மீதியாகச் சேரும் கொலம்பியக் கொட்டை கேரமல் போன்ற இனிப்பையும் சிறிது உயிர்ப்பையும் தருகிறது. பிரேசிலை மட்டும் தனியாக வடித்தால் சில நேரம் சப்பென்று இருப்பதை இந்தச் சேர்க்கை சரிசெய்கிறது.

வடிக்கும்போது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்வது இதன் பெரிய நன்மை. அரைவை ஒரு படி முன்னே பின்னே போனாலும் கோப்பை குடிக்கும்படியாகவே இருக்கும். நடுத்தரமான கிரைண்டர் போதும்; பாலோடும் பொருந்தும், தனியாகவும் பொருந்தும்.

ஆனால் இதன் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். பிரேசில் கொட்டைகள் அடர்த்தி குறைந்தவை. வறுப்பவர் கவனக்குறைவாக இருந்தால் மேற்பரப்பு எளிதில் கருகும். பழுக்காத காய்கள் கலந்த சரக்கில் வேர்க்கடலைத் தோல் போன்ற வறட்டுச் சுவை வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒரு கைப்பிடிக் கொட்டையை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். மற்றவை சீரான பழுப்பில் இருக்க, சில மட்டும் வெளிறி, மணல் நிறத்தில் நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை, சர்க்கரை குறைவால் வறுவலில் நிறமேறாதவை. ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறிந்துவிடலாம். கைப்பிடிக்கு ஏழெட்டு என்றால் அடுத்த முறை வேறு வறுப்பாளரை நாடுங்கள். பழைய அறுவடையின் கொட்டையில் மரத்தூள் சுவை தட்டுவதும் உண்டு; சுவைக் குறிப்பு மாறாமல் அச்சிடப்பட்டிருந்தாலும் கோப்பை மாறிவிடும்.

## மத்திய அமெரிக்க, கொலம்பிய வாஷ்டு கலவை

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, கொலம்பியாவின் உய்லா போன்ற உயர்ந்த பகுதிகளில் விளைந்து, கழுவிப் பதப்படுத்தப்பட்ட கொட்டைகளால் ஆன கலவை இது. இதன் சாக்லேட் தெளிவானது. கோகோத்தூள், கேரமல், பின்னணியில் ஆப்பிளை ஒத்த புளிப்பு. கசப்பின் அளவில் மட்டும் பார்த்தால் பிரேசில் கலவையைவிட இதுவே சில நேரம் மேலாக இருக்கும். தனியாக, பாலின்றிக் குடிப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

ஆனால் இது கவனத்தைக் கேட்கும் கலவை. கொட்டைகள் அடர்த்தியானவை, நன்றாகவும் சீராகவும் அரைக்கும் கிரைண்டர் வேண்டும். சாறு போதுமான அளவு இறங்காவிட்டால் புளிப்பு மட்டும் தூக்கலாக வந்து சாக்லேட் காணாமல் போகும். ஒவ்வொரு புதிய பாக்கெட்டிலும் அரைவையைச் சரிசெய்வதற்குள் சில ஷாட்டுகளுக்கான கொட்டை வீணாகும். 250 கிராம் பாக்கெட்டில் 18 கிராம் அளவுக்கு 13 ஷாட்டுகள்தான் தேறும் என்பதால், அதில் மூன்று சரிசெய்தலுக்கே போவது சிறிய இழப்பன்று. அதிகப் பால் சேர்க்கும் பானங்களில் இதன் நுட்பம் மறைந்துவிடும். அங்கே இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

## ரோபஸ்டா சேர்ந்த கலவை

இத்தாலிய மரபுக் கலவைகள் பலவற்றில், அராபிகாவோடு காபியின் மற்றொரு இனமான ரோபஸ்டாவும் உண்டு. அராபிகாவில் காஃபீன் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்றால் ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 விழுக்காடு, குளோரோஜெனிக் அமிலங்களும் ரோபஸ்டாவில் கூடுதல், சர்க்கரை குறைவு. கசப்புக்கு மூலமானவை கூடியும் இனிப்புக்கு மூலமானது குறைந்தும் இருப்பதால், கசப்பு வேண்டாம் என்பவர் இதைப் பொதுவாகத் தவிர்ப்பதே முறை.

ஆயினும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடக் கூடாது. 10 முதல் 15 விழுக்காடு வரை, கழுவிப் பதப்படுத்திய தரமான ரோபஸ்டா சேர்ந்தால் கோப்பைக்குக் கெட்டித்தன்மையும் கோகோவின் கனமும் கிடைக்கின்றன. இந்தியாவின் காபி ராயல் வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பால் நிறையச் சேர்த்தும் காபியின் சுவை தெரிய வேண்டும் என்பவருக்கு இந்த அளவு உதவும். ரோபஸ்டா இருப்பதை மட்டும் சொல்லி விகிதத்தைச் சொல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். அதன் தடித்த க்ரீமாவை, அதாவது மேலே படியும் பழுப்பு நுரையை, தரத்தின் அடையாளமாகவும் கொள்ள வேண்டாம்: க்ரீமாவைத் தனியாகக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கோப்பையின் மிகக் கசப்பான பகுதி அதுவாகவே இருக்கும். குடிக்கும் முன் கலக்கிவிடுவது நல்லது. மாலையில் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் காஃபீன் தூக்கத்தைக் கெடுப்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

## சுமத்ரா, மான்சூன்டு மலபார் அடிப்படையிலான கலவை

புளிப்பே ஆகாது என்பவர்களுக்கான வகை இது. சுமத்ராவில் கொட்டை முழுதாகக் காயுமுன்பே உள்தோலை நீக்கிவிட்டு மேலும் காயவைக்கும் ஈர உரிப்பு முறை வழக்கத்தில் உள்ளது. மான்சூன்டு மலபார் இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் உருவாவது: பருவமழைக் காலத்தில் திறந்த கிடங்குகளில் பச்சைக் கொட்டையைப் பரப்பி, ஈரக் காற்றில் வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள்; கொட்டை உப்பி, வெளிறி, புளிப்பை இழக்கிறது. பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன கொட்டைகளுக்கு நேர்ந்த மாற்றத்தை, கப்பல் பயணம் குறுகிய பிறகு கரையிலேயே திட்டமிட்டு உண்டாக்கும் முறையாக இது வளர்ந்தது.

இரண்டிலும் கோப்பை கனமாக, கோகோவும் மண்வாசமும் மசாலாச் சாயலும் கலந்து இருக்கும். சாக்லேட் உண்டு, ஆனால் அது தனியாக நிற்பதில்லை. இந்த மண்வாசம் பிடிக்காதவர்கள் அதையே கசப்பு என்று உணர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சிறிய பாக்கெட்டில் தொடங்குங்கள். கலவையில் கால்பங்கு அளவில் இருக்கும்போது இவை மிக அழகாக வேலை செய்கின்றன. இவற்றை அடர்வறுவலில் விற்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், மத்திம வறுவலில் தருபவரைத் தேடுவதற்குச் சற்று அலைய வேண்டியிருக்கும்.

## அடர்வறுவல் கலவை

கசப்பு குறைய வேண்டும் என்று தொடங்கியவர் இங்கே வந்து முடிக்கக் கூடாது. எண்ணெய் மினுக்கும் கறுத்த கொட்டையில் டார்க் சாக்லேட் இருக்கலாம். அதனோடு ஃபினைலிண்டேன்களும் இருக்கும். பாலும் சர்க்கரையும் நிறையச் சேர்ப்பவருக்கும், அரைவையைச் சீராக்க முடியாத எளிய கிரைண்டர் வைத்திருப்பவருக்கும் மட்டுமே இது வசதி, ஏனெனில் அடர்வறுவலில் சாறு எளிதாக இறங்கிவிடும். மறைமுகச் செலவு இதில்தான் மிகுதி. எண்ணெய் கிரைண்டரின் தொட்டியிலும் பற்களிலும் படிந்து சிக்குவாடை பிடிக்கும். அரைப்பதும் வடிப்பதும் ஒன்றாக உள்ள தானியங்கி இயந்திரங்களில் தூள் ஒட்டி அடைப்பும் உண்டாகும்.

## எத்தியோப்பிய நேச்சுரல் சேர்ந்த இளவறுவல் கலவை

பெர்ரிப் பழமும் பால் சாக்லேட்டும் சேர்ந்த சுவை இதன் சிறப்பு. கசப்பு மிகக் குறைவு, ஆனால் புளிப்பு மிகுதி. நல்ல கிரைண்டரும் வெப்பத்தை நிலையாக வைத்திருக்கும் இயந்திரமும் இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாக்லேட் மட்டுமே வேண்டும் என்பவருக்குப் பழமணம் இடைஞ்சலாகவே படும்.

## ஒரே பார்வையில்

| கலவை | சாக்லேட்டின் தன்மை | கசப்பு | புளிப்பு | எப்போது நல்லது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பிரேசில், மத்திம வறுவல் | பால் சாக்லேட், ஹேசல்நட் | குறைவு | குறைவு | பாலோடும் தனியாகவும் | பழுக்காத காய், பழைய அறுவடை |
| மத்திய அமெரிக்க வாஷ்டு | கோகோத்தூள், கேரமல் | குறைவு | நடுத்தரம் | பாலின்றிக் குடிக்க | நல்ல கிரைண்டர், வீணாகும் ஷாட்டுகள் |
| ரோபஸ்டா 10–15 விழுக்காடு | கனமான கோகோ | நடுத்தரம் | மிகக் குறைவு | பால் மிகுந்த பானங்கள் | கூடுதல் காஃபீன் |
| சுமத்ரா, மான்சூன்டு மலபார் | மண்வாசத்தோடு கோகோ | நடுத்தரம் | மிகக் குறைவு | புளிப்பு ஆகாதவருக்கு | சுவை பிடிக்காமல் போகும் வாய்ப்பு |
| அடர்வறுவல் | டார்க் சாக்லேட், புகை | மிகுதி | இல்லை எனலாம் | பாலும் சர்க்கரையும் சேர்க்க | எண்ணெய்ப் படிவு, சுத்தம் செய்யும் வேலை |
| எத்தியோப்பிய இளவறுவல் | பழமணத்தோடு பால் சாக்லேட் | மிகக் குறைவு | மிகுதி | நல்ல கருவிகள் உள்ளவருக்கு | கருவிகளின் விலை |

## வாங்கும்போது பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை

வறுத்த தேதி இல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள். பயன்படுத்தக் கடைசி நாள் மட்டும் அச்சிட்டிருப்பது போதாது. வறுத்தவுடன் கொட்டைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற அவகாசம் வேண்டும் என்பதால், மத்திம வறுவலை ஏழு முதல் பதினான்கு நாள் பொறுத்துத் திறப்பது நல்லது; இளவறுவலுக்கு இன்னும் சில நாள் கூடத் தேவைப்படும். மறுபுறம், சாக்லேட் மணத்தைத் தரும் ஆல்டிஹைடுகள் எளிதில் ஆவியாகிறவை. திறந்த பாக்கெட்டில் முதலில் மறைவது சாக்லேட், கடைசிவரை நிற்பது கசப்பு. அதனால் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு கிலோவாக வாங்குவது, ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டில் லாபமாகாது.

ஐந்து அல்லது பத்துக்கு எத்தனை என்று அச்சிடப்படும் வலிமை எண் பெரும்பாலும் வறுவல் எவ்வளவு அடர்ந்தது என்பதையே காட்டுகிறது. கசப்பு வேண்டாதவர் அந்த எண்ணின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். செயற்கையாகச் சாக்லேட் மணம் ஏற்றிய கொட்டைகளும் விற்பனையில் உள்ளன. அவை மேலே சொன்ன எந்த வகையிலும் சேராதவை, அவற்றின் மணம் கிரைண்டரில் தங்கி அடுத்த பாக்கெட்டையும் கெடுக்கும்.

## கலவையைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை

நல்ல கலவையும் தவறாக வடித்தால் கசக்கும். ஆகவே பாக்கெட்டை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கும்படி அரைவையை வையுங்கள். மூன்று சிறிய கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஷாட் இறங்கும்போதே ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒன்றாக மாற்றிப் பிடியுங்கள். முதல் கோப்பையில் விழுவது சிரப் போலத் தடித்து, கறுத்து, புளிப்பும் உப்புச் சாயலுமாக நாக்கைத் தாக்கும். இரண்டாவதில் நிறம் செம்பழுப்பாகி இனிப்பும் சாக்லேட்டும் தெரியும். மூன்றாவது வெளிறி நீர்த்திருக்கும். அதில் கசப்பையும் துவர்ப்பையும் தவிர வேறொன்றும் பெரிதாக இராது.

மூன்றாவது கோப்பை மட்டும் கசந்தால் கலவையில் குற்றமில்லை. 18 கிராமுக்கு 36 கிராம் வரை போகாமல் 28 அல்லது 30 கிராமில் நிறுத்துங்கள். இயந்திரத்தில் வெப்பத்தை மாற்ற முடியுமானால் 93 டிகிரியிலிருந்து 90 அல்லது 91-க்கு இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பயன் தந்தது என்று தெரியும். தண்ணீரில் பைகார்பனேட் மிகுதியாக இருந்தால் அது காபியின் அமிலங்களை நடுநிலையாக்கிவிட்டுக் கசப்பை மட்டும் தனியே நிற்கவைக்கும் என்பதால், கடினநீர் உள்ள இடங்களில் வடிகட்டிய நீரையும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

மூன்று கோப்பைகளிலும் கசப்பு இருந்தால், குறிப்பாக நடுக் கோப்பையில் இனிப்பே இல்லாமல் கரி மட்டும் தட்டினால், அரைவையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அடுத்த பாக்கெட்டை அதே வறுப்பாளரிடமே ஒரு படி இளைய வறுவலாகக் கேட்டு வாங்குங்கள். நடுக் கோப்பை நன்றாக இருந்தும் பால் ஊற்றியதும் சாக்லேட் மறைந்துபோனால், வறுவலைத் தொடாமல் பிரேசிலின் பங்கு கூடுதலாகவோ, சிறிதளவு ரோபஸ்டா சேர்ந்ததாகவோ உள்ள கலவைக்கு மாறுங்கள்.